கணக்கில் முன்னால் ஓடும் பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் என்ன கொடுப்பது?

பள்ளிக் கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு. வீட்டுப்பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. விடுமுறை நெருங்கினால் பெற்றோருக்கு முதலில் தோன்றுவது, "அடுத்த வகுப்புப் பாடத்தை இப்போதே முடித்துவிடலாமே" என்பதுதான். அந்த முடிவுக்குப் போகுமுன் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள். முகாம், ஆன்லைன் வகுப்பு, வீட்டிலேயே பயிற்சி, எது என்றாலும் தொடக்கம் ஒன்றுதான்.

படி 1: அளவெடுங்கள்

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பள்ளி மதிப்பெண்ணை வைத்து மட்டம் பார்ப்பது ஒரு அடி ஸ்கேலால் ஆளின் உயரத்தை அளப்பது மாதிரி. ஸ்கேல் முடிந்துவிடும், ஆள் முடிந்திருக்க மாட்டான். நூறு வாங்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் ஒரு வகுப்பு முன்னால் இருக்கலாம், இன்னொருவர் நான்கு வகுப்பு முன்னால் இருக்கலாம். எனவே கடைசிக் கேள்விகள் எட்டாத ஒரு தாள் வேண்டும்.

பத்து வயதுக்கு மேல் என்றால் ஏஎம்சி 8 பழைய தாள் நல்ல தேர்வு. அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு நடத்தும் போட்டி அது: 25 கேள்வி, 40 நிமிடம், போகப் போகக் கடினமாகும். பழைய தாள்கள் விடை விளக்கத்தோடு இணையத்திலேயே கிடைக்கும். இன்னும் சின்னப் பிள்ளை என்றால் பல நாடுகளில் நடக்கும் மேத் கங்காரு போட்டியின் தாள். அது வகுப்புவாரியாகவே இருக்கும்.

கொடுக்கும்போது கடிகாரத்தை மறைத்து வையுங்கள். வேகத்தை அளப்பது வேறு வேலை. பென்சில், ரப்பர் வேண்டாம், பேனா கொடுங்கள். அழித்த வழி உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அடித்த வழி தெரியும். முடிந்ததும் உடனே மதிப்பெண்ணைக் கூட்டாதீர்கள். தவறான ஒவ்வொன்றையும் எடுத்து, கேள்வியைத் தவறாகப் படித்ததா, வழி சரியாக இருந்தும் கணக்கில் பிசகியதா, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா என்று பாருங்கள். முதல் வகை நிறைய இருந்தால் பிள்ளை அவசரப்படுகிறது. இரண்டாவது வகை பின்னம், விகிதம் பக்கமே குவிந்தால் அடித்தளத்தில் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் இயற்கணிதத்துக்குப் போனால் பின்னாளில் ஒவ்வொரு சமன்பாட்டிலும் இடிக்கும். மூன்றாவது வகை தொடங்கும் கேள்வி எண்தான் விடுமுறைப் பயிற்சி தொடங்க வேண்டிய மட்டம்.

நேரக் கட்டுப்பாடு இல்லாமல் 20-க்கு மேல் சரி என்றால் ஏஎம்சி 8 தாள் போதவில்லை, அதற்கு அடுத்த மட்டமான ஏஎம்சி 10 கொடுங்கள். 10 முதல் 18 வரை என்றால் இந்த மட்டத்திலேயே ஒரு விடுமுறைக்கு வேலை இருக்கிறது.

படி 2: மேலேயா, பக்கவாட்டிலா?

அடுத்த ஆண்டுப் பாடத்தை முன்கூட்டி முடிப்பதற்கு ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு: பள்ளி அந்தப் பிள்ளையைக் கணக்குக்கு மட்டுமாவது மேல் வகுப்பில் உட்கார வைக்கச் சம்மதித்திருக்க வேண்டும். அதை விடுமுறைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் விடுமுறையில் படித்ததையே பத்து மாதம் மறுபடி கேட்க வேண்டிவரும். சலிப்பு இன்னும் கூடும்.

மற்றவர்களுக்குப் பக்கவாட்டுதான் என் சிபாரிசு. எண் கோட்பாடு, எத்தனை வழி என்று எண்ணும் கணக்குகள், நிகழ்தகவு, கிராஃப் தியரி (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணக்கு) என்று பள்ளிப் பாடத்தில் மேலோட்டமாக வருவதும் வராததும் நிறைய இருக்கிறது. கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றாக ஒரே ஒருமுறை மட்டும் கடந்து நடக்க முடியாது என்று 1736-இல் கணித மேதை ஆய்லர் நிறுவியதைப் புரிந்துகொள்ள ஒற்றைப்படை, இரட்டைப்படை தெரிந்தால் போதும்.

"பக்கவாட்டு" என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 5 மதிப்பிலும் 7 மதிப்பிலும் மட்டும் தபால் தலை இருக்கிறது, எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒட்டவே முடியாத மிகப் பெரிய தொகை எது? பிள்ளை பட்டியல் போடும், 23 என்று வரும். சாதாரண வகுப்பு அங்கே முடிந்துவிடும். நல்ல வகுப்பு அங்கேதான் தொடங்கும். 23-க்கு மேல் எல்லாமே முடியும் என்று எப்படித் தெரியும்? 24, 25, 26, 27, 28 ஐந்தும் முடிகிறது. ஒவ்வொன்றோடும் 5, 5-ஆகச் சேர்த்துக்கொண்டே போனால் மிச்சம் எல்லாம் வந்துவிடும். இது பிள்ளையின் வாயிலிருந்தே வர வேண்டும். அதன் பிறகு 3, 5 வைத்துப் பார்க்கட்டும், 4, 6 வைத்துப் பார்க்கட்டும். 4, 6-இல் ஒற்றைப்படைத் தொகை எதுவுமே வராது, "மிகப் பெரிய" என்ற பேச்சே இல்லை. ஏன் என்று தோண்டினால் மீப்பெரு பொது வகுத்தி தானாக வந்து நிற்கும்.

படி 3: முகாமைச் சோதியுங்கள்

விளம்பரத்தில் "மேதைகளுக்கு" என்று போட்டிருப்பதை நம்பி ஒன்றும் ஆகாது. ஒருநாள் கேள்வித்தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே மாதிரி முப்பது கணக்கு இருந்தால் வேண்டாம். ஐந்தாறு கணக்கு, ஒவ்வொன்றும் அரைப் பக்கம் விடை கேட்டால் மேலே பேசலாம். அடுத்து, "சீக்கிரம் முடித்த பிள்ளை என்ன செய்யும்?" என்று கேளுங்கள். "இன்னொரு தாள் கொடுப்போம்" என்பது மோசமான பதில்.

வேகக் கணக்கு, அபாகஸ் வகுப்புகளை இந்தப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன். அவை வேறு திறமை.

பதின்ம வயது, நிரூபணத்தில் ருசி வந்துவிட்டது என்றால் வட அமெரிக்காவில் நடக்கும் ராஸ், ப்ராமிஸ், மேத்கேம்ப் போன்ற தங்கிப் படிக்கும் கணக்கு முகாம்கள் உண்டு. 1957-இல் தொடங்கிய ராஸும், அதன் வழியில் வந்த ப்ராமிஸும் ஆறு வாரம். இரண்டிலும் எண் கோட்பாடுதான் முதுகெலும்பு. இவற்றில் சேர நுழைவுக் கணக்குகள் உண்டு. ஒரு மணி நேரத் தேர்வு இல்லை, வீட்டிலேயே பல நாள் உட்கார்ந்து யோசித்து, விடை ஏன் சரி என்று எழுதி அனுப்ப வேண்டும். வெறும் விடை எழுதினால் தேறாது. கடைசித் தேதி கோடைக்குப் பல மாதம் முன்பே வந்துவிடும். மேயில் தேடத் தொடங்கினால் அடுத்த ஆண்டுக்குத்தான்.

படி 4: வீட்டிலேயே என்றால்

வாரம் நான்கு நாள், நாளுக்கு 45 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் தளம் இலவசம், என் முதல் தேர்வும் அதுதான். தொடங்க எளிது, கிளறக் கிளற ஆழம் போகும். ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் தளத்தின் அல்குமஸ் பயிற்சியும் இலவசம், பிள்ளையின் மட்டத்துக்கு ஏற்பக் கேள்வியை மாற்றிக்கொள்ளும். ஆனால் புள்ளி சேர்க்கும் ஆட்டமாக மாறிவிடும் ஆபத்து அதில் உண்டு, எனவே வாரம் ஒருநாள் மட்டும். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருள், புள்ளியை இழுத்துப் பார்த்தால் எது மாறுகிறது, எது மாறவில்லை என்பது கண்ணெதிரே தெரியும்.

திணறினால் 20 நிமிடம் விடுங்கள். பிறகும் விடையைச் சொல்லாதீர்கள். "சின்ன எண்ணை வைத்துப் பார்த்தாயா?" என்ற ஒரு கேள்வி பாதி கணக்குகளுக்குப் போதும்.

பின்சேர்க்கை

வெளிநாட்டு ஆன்லைன் வகுப்பில் சேர்ப்பவர்கள் பணம் கட்டுமுன் வகுப்பு நேரத்தை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். நேரம் ஒத்துவராவிட்டால் வகுப்பின் வீடியோ பதிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். பதிவில் பிள்ளை கேள்வி கேட்க முடியாது, இந்தக் கட்டத்தில் பாதிப் பயனே அதில்தான்.

இன்னொன்று: முதல் வாரத்தில் "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை அழுதால் பதறிப்போய் நிறுத்த வேண்டாம். இதுவரை திணறியே பழக்கமில்லாத பிள்ளைக்கு அது புதிது. ஒரு படி கீழிறங்கி, பத்தில் ஐந்தாறு தானாகப் போடக்கூடிய தாளாகக் கொடுங்கள். மூன்றாவது வாரமும் அதே நிலை என்றால் மட்டம் தவறு. படி 1-இல் பேனாவால் போட்ட தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள்.