கார்ட்டர் ஃபோல்டுக்குச் சனிக்கிழமை மாலையில் செல்லுங்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹில்டன்ஸ் என்னும் சிற்றூரை அடுத்துள்ள கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட் என்னும் இசையரங்க வளாகத்தைக் காண விரும்புவோர், சனிக்கிழமை மாலை 6 மணிக்கே அங்கு இருக்குமாறு பயணத்தை அமைத்துக்கொண்டால், அங்குள்ள அருங்காட்சியகத்தையும், அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையின் நிகழ்ச்சியையும் ஒரே வருகையில் கண்டுவிடலாம். 1927இல் வர்ஜீனியா–டென்னசி எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் தம் முதல் பாடல்களைப் பதிவுசெய்த கார்ட்டர் குடும்பம் என்னும் கன்ட்ரி இசைக்குழுவைச் சேர்ந்த ஏ. பி. கார்ட்டர் நடத்திய பழைய மளிகைக் கடைதான் இன்றைய அருங்காட்சியகம். இரவு 7.30 மணிக்குக் கச்சேரி தொடங்குவதற்கு முன்பாக, நிகழ்ச்சி நாள்களில் அதைத் திறக்கிறார்கள். அவர் பிறந்த மரக்குடிலும் அதே வளாகத்தில் உள்ளது. மேடையில் மின்கிதாருக்கு இடமில்லை என்பது, என் கணக்கில், கூடுதல் லாபம். வார நாள்களில் மட்டுமே செல்லக்கூடியவர்களுக்கு இந்த ஏற்பாடு உதவாது. அவர்கள் பிரிஸ்டலில் 2014இல் திறக்கப்பட்ட கன்ட்ரி இசைப் பிறப்பிட அருங்காட்சியகத்துக்குச் செல்வதே மேல்.