திங்கட்கிழமை வயிற்றுக்குத்து

தரம் 4 படிக்கும் மகனுக்குத் திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுக்குத்து வரும். கொழும்பு வெள்ளவத்தையில் ஸ்கூல் வேன் ஹோர்ன் அடித்தால் இன்னும் கூடும். டொக்டர் சோதித்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, பயமாக இருக்கலாம் என்றார். பிள்ளைகளுக்குப் பயம் வயிற்றுவலியாக வருவது சகஜமாம்.

“ஏன் பயம்?” என்று கேட்டால் தோளைக் குலுக்குவான். அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள், பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (அருவருப்பு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. எட்டையும் முகங்களாக வரைந்து, ‘பயம்’, ‘கோபம்’ என்று சாதாரணப் பெயர் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன். இளிவரலுக்குத்தான் முகம் சரிவரவில்லை. அம்மம்மா பாகற்காய் சாப்பிடுகிற மாதிரி வந்தது.

அவனை ஒன்றும் கேட்கவில்லை. முதலில் நாங்களே எங்கள் உணர்ச்சிக்குரிய முகத்தைத் தொட்டுக் காட்டினோம். “காலி வீதி டிராபிக்கில் எனக்குக் கோபம், கழுத்தெல்லாம் இறுகிவிட்டது” என்று உடம்பையும் சேர்த்தே சொன்னேன். ஒருநாள் அவனாகவே வந்து பயத்தையும் அழுகையையும் தொட்டான். அப்புறம் கதை வந்தது: திங்கள் முதல் பாடம் சிங்களம், சத்தமாக வாசிக்கும்போது பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம்.

“இதுக்கெல்லாம் பயப்படுறதா?” என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். டீச்சரிடம் பேசினோம். ஞாயிறு பின்னேரம் அந்தப் பக்கத்தை அவனோடு சேர்ந்து வாசிக்கிறோம். குத்து இன்னும் சிலவேளை வரும். காரணத்தை அவனே சொல்லிவிடுகிறான்.