ஒற்றை லாரிக்குச் சங்கம் எதற்கு? என் அனுபவம்

நாமக்கல்லில் சொந்தமாக ஒரே ஒரு லாரி ஓட்டுகிறேன். 8 வருடம் தாண்டிய வண்டி, அதனால் வருடா வருடம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். இந்த முறை அரசின் ‘பரிவாகன்’ போக்குவரத்துத் தளத்தில் விண்ணப்பம் நகரவே இல்லை. பக்கத்து மாநிலத்தில் அதிவேகத்துக்கான இ-சலான் நிலுவையாம். அந்தத் தேதியில் வண்டி அந்தப் பக்கமே போகவில்லை.

ஆன்லைனில் புகார் போட்டேன். ‘பரிசீலனையில்’ என்றே நின்றது. ஆர்டிஓ ஆபீஸில் “வேறு மாநில வழக்கு, எங்களால் தொட முடியாது” என்றார்கள். புரோக்கர், “கட்டிட்டுப் போங்கண்ணே” என்றார். செய்யாத குற்றத்துக்கு ஏன் கட்ட வேண்டும்? வண்டி ஷெட்டில் நிற்க, லாரிக் கடன் டியூ மட்டும் ஓடியது.

கடைசியில் லாரி உரிமையாளர் சங்கத்தில் சந்தா கட்டிச் சேர்ந்தேன். செயலாளர் சலான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “சக்கர அச்சை எண்ணுங்க” என்றார். நான்கு. அதில் ஒன்று, சக்கரம் தரையில் படாமல் தூக்கியிருந்தது. பன்னிரண்டு சக்கர வண்டி அது. என்னுடையது பத்துச் சக்கரம். நம்பர் பிளேட்டில் ஆங்கில ‘E’ எழுத்தின் அடிக்கோட்டைச் சேறு மறைத்ததில் அது ‘F’ ஆகி, என் நம்பராகியிருந்தது!

அப்புறம் ஆர்.சி. நகல், அதே நேரத்தில் கிருஷ்ணகிரி டோலில் ஃபாஸ்டேக் பிடித்த கணக்கு, சங்கக் கடிதம் மூன்றும் சலான் போட்ட ஊரின் லாரிச் சங்கத்துக்குப் போயின. அவர்கள் சலான் போட்டவர்களிடம் நேரில் கொடுத்ததும் சலான் ரத்து. ஆனால் தளத்தில் தடை தானாக நீங்கவில்லை. ரத்து உத்தரவை ஆர்டிஓவில் காட்டிய பிறகுதான் எஃப்.சி. கிடைத்தது.

வாடகையில் சங்கத்தால் எனக்குப் பலன் இல்லை. லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ் சொல்வதுதான் இன்னமும் ரேட். இருந்தாலும் அடுத்த வருடச் சந்தாவையும் கட்டிவிட்டேன்.