முக்குளிப்புக் கண்ணாடிக்கு வெள்ளைப் பற்பசை

முக்குளிக்கப் புதிதாக வாங்கிய முகக் கண்ணாடி நீருக்குள் மங்காமல் இருக்க, அதன் உள்பக்கத்தில் வெள்ளைப் பற்பசையைத் தடவி, விரலால் ஐந்து நிமிடம் நன்றாகத் தேயுங்கள். கழுவிவிட்டு இரண்டு, மூன்று முறை இதையே செய்யுங்கள். ஜெல் வகை பேஸ்ட் வேண்டாம், அதில் வேலை நடக்காது.

தயாரிக்கும்போது சிலிக்கோன் என்ற ரப்பர் போன்ற பொருளிலிருந்து கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் ஒட்டிக்கொள்கிறது. மூச்சின் ஈரம் அதில்தான் துளித்துளியாகப் படிந்து பார்வையை மறைக்கிறது. பற்பசையின் நுண்ணிய உராய்வு அதை எடுத்துவிடும். கடைசியில் தனியாக மூடுபனித் தடுப்பு ஸ்ப்ரே வாங்கும் செலவு மிச்சம். அப்புறம் ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தடவி லேசாக அலசினால் போதும். எச்சில்கூட சரிதான், கூச்சப்படாதீர்கள்.

புதுச்சேரியில் பழகிவிட்டு லட்சத்தீவின் மினிக்காய் பவளத்திட்டில் உடைந்த பழைய கப்பல்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது முக்கியம். 20 மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்று மேலே இருப்பதைவிட மூன்று மடங்கு வேகமாகத் தீரும். அங்கே போய் மங்கிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தால், கப்பலைப் பார்ப்பது எப்போது?

பிளாஸ்டிக் கண்ணாடியிலும், மூடுபனித் தடுப்புப் பூச்சோடு வரும் கண்ணாடியிலும் இதைச் செய்யாதீர்கள், கீறல் விழும். மூக்கால் மூச்சு விடும் பழக்கம் இருந்தால் எந்தப் பற்பசையும் உதவாது.