ஆண் எலிகளின் சண்டையும் புண்ணும்: கடித்ததா, சொறிந்ததா?

வளர்ப்பு எலியின் தோளில் பொருக்கைப் பார்த்ததும், கூட இருக்கும் எலிதான் கடித்தது என்று பிரித்துவிடாதீர்கள். எலி கூட்டமாக வாழும் உயிர். தனியே விட்டால் வாடிப்போகும், புண் ஆறவும் நாளாகலாம்.

1. இடத்தைப் பாருங்கள். எலியைத் துண்டில் பிடித்து, வெளிச்சத்தில் முடியை விலக்குங்கள். கழுத்து, தோள், தாடையடியில் கடுகு கடுகாகப் பொருக்கு இருந்தால் அது சொறிந்த புண். பின்னங்கால் நகம் எட்டுகிற இடம் அதுதான். காரணம் பெரும்பாலும் பேன், அல்லது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. இடுப்பு, விலா, வாலடியில் கீறலோ துளையோ இருந்தால் பல் பட்டிருக்கிறது. பல் பட்ட துளை மேலே சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். ஒரு வாரம் தினமும் விரலால் தடவுங்கள். பட்டாணி போலத் தட்டுப்பட்டால் பிதுக்க வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும். முதுகில் ஆரஞ்சு நிறச் செதில் மட்டும் என்றால், ஆண் எலிக்குச் சுரக்கும் எண்ணெய்ப் பிசுக்கு. நோயில்லை.

2. கழுவுங்கள். கொதித்து ஆறிய 300 மில்லி தண்ணீரில் தலைதட்டி அரைத் தேக்கரண்டி உப்பு. பஞ்சில் நனைத்து தினம் 2 வேளை ஒற்றி எடுங்கள். டெட்டால், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். பூசியதை எலி நக்கியே தீரும்.

3. படுக்கையை மாற்றுங்கள். பாலக்காட்டுப் பக்கம் அரிசி ஆலை உமியும் மரமில் தூளும் எளிதாகக் கிடைக்கும். இரண்டிலும் தூசி அதிகம், உமி குத்தவும் செய்யும். பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். 3 நாளுக்கு ஒருமுறை வெந்நீரில் அலசுங்கள்.

4. மருத்துவரிடம். சிற்றுண்ணிக்கு ஐவர்மெக்டின் தருவார்கள். எடைக்குத் தக்க அளவு என்பதால், டப்பாவில் விட்டுச் சமையல் தராசில் நிறுத்து, கிராம் கணக்கைக் குறித்துக்கொண்டு போங்கள். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பங்கு போடாதீர்கள். ஐவர்மெக்டினில் சிற்றுண்ணியின் முட்டை சாகாது என்பதால் மறுதவணை உண்டு. கூண்டிலுள்ள எல்லா எலிக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் மாட்டு வைத்தியம்தான் அதிகம், எலி பார்ப்பார்களா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். திருச்சூர் மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மலையாளத்தில் 'சொறிச்சில்' என்றால் அரிப்பு, 'முறிவு' என்றால் காயம். எது என்று முதலிலேயே சொல்லுங்கள்.

5. சண்டையா, விளையாட்டா? பிடரியை மூக்கால் முட்டி, மல்லாத்தி, கீச்சிட்டால் விளையாட்டு, விட்டுவிடலாம். முடி சிலிர்த்து உடம்பு உப்பி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து இடித்து, புஸ்ஸென்று சீறினால் அடுத்தது கடிதான். பருவமெய்திய சில ஆண் எலிக்கு 5, 6 மாதத்தில் இது தொடங்கும். நடுவில் கை விடாதீர்கள், கனமான துண்டை மேலே போடுங்கள். தண்ணீர்ப் புட்டி, தீனிக் கிண்ணம் எல்லாம் இரண்டிரண்டு வையுங்கள். ஒளியும் பெட்டிக்கு இரண்டு வாசல் வேண்டும். ஒரு வாசல் என்றால் பயந்த எலி உள்ளே மாட்டிக்கொண்டு கடி வாங்கும்.

திரும்பத் திரும்ப ரத்தம் வந்தால் விதைநீக்கம் பற்றிக் கேளுங்கள். குணம் மாறச் சில வாரம் பிடிக்கும். அதுவரை பக்கத்துப் பக்கத்துக் கூண்டு. இரண்டு கூண்டுக்கும் நடுவே ஒன்றின் கால் மற்றதற்கு எட்டாத இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் கால்விரலைக் கடித்துவிடும்.