சாக்கடை முதலையும் முகமில்லாத மனிதனும்: நகர்ப்புறக் கட்டுக்கதையின் வேரைத் தேடுவது எப்படி?

நிஜமாகவே நடந்தது என்று ஆளுக்கு ஆள் சொல்லிப் பரவும் கதைதான் நகர்ப்புறக் கட்டுக்கதை. அதன் வேரைத் தேட, முதலில், கேட்ட கதையைக் கேட்டபடியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். பிறகு யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது என்று பிரித்து, ஆவணத்தில் அகப்படக்கூடிய சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். "என் நண்பனோட நண்பனுக்கு நடந்தது" என்பதற்குக் கோடு போட முடியாது. கதையைக் காப்பாற்றுவதே அந்த வரிதான்.

அடுத்து, அதே கதையின் வேறு வடிவங்கள் நாலைந்தைச் சேர்த்து அருகருகே வையுங்கள். ஊரும் பெயரும் மாறி, திருப்பம் மட்டும் மாறாமல் இருந்தால் அது ஊர் ஊராகச் சுற்றும் கதை. வழியில் ஏறிக்கொண்டு நடுவில் மறைந்துபோகும் பயணி, குதிரை வண்டியிலிருந்து காருக்கு மாறியது இப்படித்தான்.

இனி பழைய செய்தித்தாள்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கதையின் இன்றைய பெயரைப் போட்டுத் தேடினால் இன்றைய கட்டுரைகள்தான் வரும். அந்தப் பெயரே பின்னால் வந்ததாக இருக்கலாம். சம்பவத்தில் வரும் பொருட்களின் பெயரைப் போடுங்கள். தேடலின் முடிவுத் தேதியைப் பத்துப் பத்து ஆண்டாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஸ்கேன் செய்த பக்கங்களில் கணினி எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கும், வரி முடிவில் சொல் இரண்டாக உடைந்திருக்கும். அதனால் ஒரே சொல்லை நம்பாமல் இரண்டு மூன்று சேர்க்கைகளை முயலுங்கள். கிடைத்தால் தேடல் காட்டும் துணுக்கோடு நிற்காமல் முழுப் பக்கத்தையும் படியுங்கள்.

நியூயார்க் சாக்கடையில் முதலைகள் வாழ்கின்றன என்ற கதையையே எடுத்துக்கொள்வோம். 1935 பிப்ரவரி 10 தேதியிட்ட நியூயார்க் டைம்ஸில் செய்தி இருக்கிறது: கிழக்கு 123ஆம் தெருவில் பனியை அள்ளிச் சாக்கடைக்குள் தள்ளிக்கொண்டிருந்த பையன்கள் உள்ளே முதலையைப் பார்த்து, கயிறு போட்டு இழுத்து, கடைசியில் அடித்துக் கொன்றார்கள். சரி, இதனால் நிரூபணமாவது என்ன? ஒரு நாள் ஒரு முதலை வந்ததாகச் செய்தி உண்டு என்பது மட்டுமே. நகரத்துக்கு அடியில் முதலைக் கூட்டம் குடும்பம் நடத்துகிறது என்பதற்கு இது சாட்சி ஆகாது.

ஒன்றும் கிடைக்கவில்லையா? "இது நடந்திருந்தால் எங்கே பதிவாகியிருக்கும்?" என்று கேளுங்கள். ஹாலோவீன் பண்டிகையில் வீடு வீடாக வரும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மிட்டாயில் முன்பின் தெரியாதவர்கள் விஷம் வைக்கிறார்கள் என்பதைச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் இப்படித்தான் சோதித்தார். குழந்தை இறந்தால் செய்தி வராமல் போகாது. 1958 முதலான செய்திகளை அலசிய அந்த 1985 ஆய்வில், அந்நியர் கொடுத்த மிட்டாயால் உறுதியான சாவு ஒன்றுகூட இல்லை. 1974இல் டெக்சஸில் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்த சிறுவனைக் கொன்றது பெற்ற தகப்பனே. ஆனால் பதிவாகவே வாய்ப்பில்லாத விஷயத்துக்கு, "செய்தி இல்லை, அதனால் நடக்கவில்லை" என்ற இந்த வாதம் செல்லாது.

பத்துத் தளங்களில் இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஒரே எழுத்துப்பிழை பத்திலும் இருந்தால் சாட்சி ஒன்றுதான். படமாக இருந்தால் தலைகீழ்ப் படத்தேடலில், அதாவது சொல்லுக்குப் பதில் படத்தையே கொடுத்துத் தேடும் வசதியில், போடுங்கள். சிக்காவிட்டால் இடவலமாகத் திருப்பியும், ஓரத்தை வெட்டியும் போடுங்கள்.

தீர்ப்பை "உண்மை", "பொய்" என இரண்டே பெட்டியில் அடைக்காதீர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இரவுச் சாலையில் நடமாடும் முகமில்லாத பேயாகப் பேசப்பட்டவர் ரேமண்ட் ராபின்சன் (1910–1985). 1919இல், எட்டு வயதில், மின்சாரம் தாக்கி முகம் சிதைந்தவர். பகலில் ஜனங்கள் மிரள்வார்கள் என்றுதான் இரவில் நடந்தார். ஆள் நிஜம், பேய் பொய். இரண்டையும் தனித்தனி வரியில் எழுதி, எந்தச் சொற்களால், எந்தத் தொகுப்பில், என்றைக்குத் தேடினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.