சபையை வளர்க்கத் திட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசலாம் என்று போதகரும் மூப்பர்களும் கமிட்டியும் உட்கார்ந்தால், பேச்சு சீக்கிரமே கட்டடத்துக்குப் போய்விடுகிறது. மாடி எடுக்கலாமா, பக்கத்து மனையை வாங்கலாமா, கடன் கிடைக்குமா என்று. இடம் போதவில்லை என்றால் இதையும் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் இப்போது வருகிறவர்களை யார் கவனிக்கிறார்கள், நாளைக்கு இன்னும் ஐம்பது பேர் வந்தால் அவர்களை யார் கவனிப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் செங்கலில் ஆரம்பிப்பதுதான் என் பார்வையில் முதல் தவறு, மற்ற பல தவறுகளும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்கும் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது, சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பெடுத்து வாங்கி வருவது என்று முடிவானது. அப்படி வீடு வீடாகப் போனவர்கள், அந்த மக்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் பார்த்து வந்து சொன்னார்கள். இத்தனை நாள் நமக்குக் குறைவாக இருந்தது இதுதான் என்று வெஸ்லி புரிந்துகொண்டார். கடனை அடைக்கப் போட்ட ஏற்பாடு, வாரந்தோறும் ஒருவரையொருவர் விசாரிக்கிற சிறு குழுவாக மாறி, மெதடிஸ்ட் இயக்கம் முழுவதையும் தாங்கி நின்றது. உங்கள் சபையில் ஒருவர் மூன்று ஞாயிறு வரவில்லை என்றால் அது யார் கண்ணில் படும்? அந்த ஆளின் பெயரை உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் கட்டடக் கமிட்டி கொஞ்சம் காத்திருக்கலாம்.

அடுத்தது எண்ணிக்கை. ஞாயிற்றுக்கிழமை தலைகளை எண்ணி, போன வருஷத்தைவிடக் கூட என்று சந்தோஷப்படுகிறோம். இந்தியாவில் பிறந்து இங்கேயே பல வருஷம் மிஷனரியாக இருந்த டொனால்டு மெக்காவ்ரன் வளர்ச்சியை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்: விசுவாசிகளின் வீட்டில் பிறந்து வளரும் பிள்ளைகள், வேறு சபையிலிருந்து மாறி வருபவர்கள், புதிதாக விசுவாசத்துக்கு வருபவர்கள். உங்கள் கணக்கையும் இப்படிப் பிரித்து எழுதிப் பாருங்கள். கூடியவர்களில் பெரும்பகுதி பக்கத்துச் சபையிலிருந்து வந்தவர்கள் என்றால், அங்கே ஒரு சபை அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதோடு வந்தவர்களை எண்ணுகிற நாம் போனவர்களை எண்ணுவதே இல்லை. விலகிப்போன குடும்பத்தை ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்து, நம் பக்க நியாயத்தைப் பேசாமல், அவர்கள் சொல்வதை மட்டும் கேட்டு வர வேண்டும். கஷ்டமான வேலைதான். ஆனாலும் நம் குறை என்ன என்பது அந்த வீட்டில்தான் தெரியும்.

எல்லாவற்றையும் போதகர் தலையில் ஏற்றுவது இன்னொன்று. காலை முதல் மாலை வரை மோசே தனியாக நியாயம் விசாரிப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்று சொல்லி, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை வைக்கச் சொன்னது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் பொறுப்பை யாரிடம் பிரித்துக் கொடுக்கிறோம் என்பதை அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் பார்க்க வேண்டும். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அப்போது அந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களையும் வாசித்துப் பாருங்கள், ஸ்தேவான் தொடங்கி நிக்கொலா வரைக்கும் எல்லாமே கிரேக்கப் பெயர்கள். குறை யார் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையில் பொறுப்பு போனதாகத்தான் நான் இதை வாசிக்கிறேன். அதே அதிகாரத்தின் 7-ஆம் வசனம் சீஷருடைய தொகை பெருகியதைச் சொல்கிறது. நம்மிடம் வாலிபர்கள் வருவதில்லை என்ற குறையை அறுபது வயதுக்காரர்கள் மட்டும் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். பெண்கள் ஊழியத்தின் திட்டத்தை ஆண்கள் போடுகிறார்கள். பிறகு யாரும் ஒத்துழைக்கவில்லை என்று வருத்தம் வேறு.

போதகருக்குப் பின் யார் என்று கேட்பதே மரியாதைக் குறைவு என்று பல சபைகளில் நினைக்கிறார்கள். மோசே அப்படி நினைக்கவில்லை. இந்த ஜனம் மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போல ஆகிவிடக் கூடாது, ஒருவரை ஏற்படுத்தும் என்று தானே கர்த்தரிடம் கேட்டார். தனக்குப் பின் பொறுப்பேற்க வேண்டிய யோசுவாவின் மேல் கை வைத்தது சபையார் எல்லாரும் பார்க்க நடந்தது. தான் உயிரோடு இருக்கும்போதே நடந்தது. அதனால் ஓய்வுபெறும் வருஷத்தில் ஆள் தேட ஆரம்பிக்காதீர்கள். அதற்குப் பல வருஷம் முன்பே இரண்டு மூன்று பேருக்குப் பிரசங்கம் செய்யவும், நோயாளிகளைச் சந்திக்கவும், கமிட்டியை நடத்தவும் இடம் கொடுங்கள், தப்பு செய்தால் திருத்திக் கொடுங்கள். போதகரின் மகன் என்றாலும் இதே சோதனை அவருக்கும் உண்டு. ஆர்வமாக இருக்கிறார் என்பதற்காகப் புதிதாக வந்த ஒருவரை மூப்பராக்குவதும் வேண்டாம், பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதில் அதைத் தெளிவாகவே தடுத்திருக்கிறார்.

பணத்தில் "நம்ம ஆள்தானே" என்ற நம்பிக்கை மட்டும் போதாது. எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த காணிக்கையைக் கொண்டுபோகும்போது, யாரும் குற்றம் சொல்ல இடம் வரக்கூடாது என்று பவுல் சபைகளே தேர்ந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பினார். அப்போஸ்தலனுக்கே அந்தக் கவனம் இருந்தது. காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணட்டும், கணக்கு மாதாமாதம் சபையார் பார்வைக்கு வரட்டும், சொத்து எந்தத் தனி ஆளின் பெயரிலும் இருக்க வேண்டாம். இதில் தாமதித்தால், ஒருவர் இறந்தபின் வழக்கு வந்து சபையே இரண்டாக உடையலாம்.

கடைசியாக, நல்ல ஆட்களை நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பயம். அந்தியோகியா சபை புதிய ஊழியத்துக்கு அனுப்பியது பர்னபாவையும் சவுலையும் (இவர்தான் பவுல்), அதாவது தங்களுக்கு ஒரு வருஷம் முழுக்கப் போதித்த ஆட்களையே. நாம் புதிய இடத்தில் சபை ஆரம்பிக்கும்போது, இங்கே பெரிய வேலை இல்லாதவர்களைப் பார்த்து அனுப்பிவிட்டு, அது ஏன் நிற்கவில்லை என்று யோசிக்கிறோம். அனுப்புகிற குடும்பங்களோடு அவர்களின் காணிக்கையும் போகும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் பாடகர்களும் போவார்கள். அந்தக் குறைவை முதல் வருஷத்து பட்ஜெட்டிலேயே எழுதி, அந்த வேலைகளுக்கு வேறு ஆட்களை முன்கூட்டியே பழக்கிவிட்டு, அப்புறம் அனுப்புங்கள்.